பின்னல் துணிக்குரிய பாலியெஸ்டர் நூல் வகைகள்

(புணே நகரில் பொருளாதார மாணவர்களும் அரசு அலுவலர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் மைய அரசு அலுவலர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

'பாலியெஸ்டர் நூல்' என்னும் தொடரை நம்முடைய கோப்புகளில் அடிக்கடி காண்கிறோம். உற்பத்தி எத்தனை டன், இறக்குமதி எத்தனை டன், வரி எத்தனை விழுக்காடு என்று குறிப்பெழுதுகிறோம். ஆனால், அத்தொடர் ஒரே பொருளைக் குறிப்பதன்று. கடைக்குச் சென்று 'அரிசி வேண்டும்' என்று மட்டும் சொன்னால், பச்சரிசியா, புழுங்கலரிசியா, இட்லி அரிசியா என்று கடைக்காரர் கேட்பார். பாலியெஸ்டர் நூலைப் பொறுத்தவரை அந்தக் கேள்வியை நாம் கேட்கத் தவறிவிடுகிறோம். அதனால் ஏற்படும் இழப்பு யார் தலையில் விழுகிறது என்பதே இன்று நான் சொல்ல விரும்பும் செய்தி.

நான் பொருளாதாரம் பயின்றவன். நூலைப் பற்றிப் பணியின்போதே கற்றுக்கொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் திருப்பூரில் ஒரு சிறு பின்னலகத்திற்குச் சென்றிருந்தேன். அதன் உரிமையாளர் நான்கு வட்டப் பின்னல் இயந்திரங்களை வைத்துக் கூலிக்குத் துணி பின்னிக் கொடுப்பவர். விளையாட்டுச் சட்டைக்காக அவர் பின்னிய வெள்ளைத் துணியில் ஒரு குறையும் தெரியவில்லை. கருநீலச் சாயமேறித் திரும்பியபோதோ, துணி முழுவதும் குறுக்கே மெல்லிய கோடுகள். "சாயத்தில் பிழையில்லை, துணியில்தான் பிழை" என்றார் சாயப்பட்டறைக்காரர். "நான் தந்த நூல் தரமானது" என்றார் நூல் வணிகர். ஏற்றுமதியாளர் துணியை ஏற்கவில்லை. இழப்பு முழுவதும் பின்னலகத்தாரைச் சேர்ந்தது.

பெட்டிகளைப் பரிசோதித்தபோது காரணம் தெரிந்தது. பெட்டிகள் அனைத்திலும் ஒரே டெனியரும் ஒரே இழை எண்ணிக்கையும் அச்சிடப்பட்டிருந்தன. ஆனால், இரு வேறு உற்பத்தித் தொகுதிகளைச் சேர்ந்த நூல்கள் அங்கே கலந்துவிட்டிருந்தன. தனித்தனியே இரண்டும் நல்ல நூல்களே; ஒரே இயந்திரத்தில் சேர்ந்து ஏறியதுதான் கேடு. அன்றுதான் நூலின் வகையையும் தொகுதியையும் அறிவது பொருளாதாரச் செய்தியே என்பது எனக்குப் புலனாயிற்று.

வரலாறு

பாலியெஸ்டர் இழையை 1941இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் என்ற இரு வேதியியலார் கண்டறிந்தனர். இங்கிலாந்தில் அது டெரிலின் என்றும், அமெரிக்காவில் டேக்ரான் என்றும் பெயர் பெற்றது. நம் நாட்டில் 1960களின் நடுவில் உற்பத்தி தொடங்கியது. அக்காலத்தில் 'டெரிலின் சட்டை' செல்வத்தின் அடையாளமாகக் கருதப்பட்டது. அரசின் வரிக்கொள்கையும் அதை ஆடம்பரப் பொருளாகவே நடத்தியது.

நெசவாளர்களுக்கு நியாய விலையில் இந்நூல் கிடைக்கவேண்டும் என்ற நோக்கத்துடன், மைய அரசும் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களும் இணைந்து 1974இல் பெட்ரோஃபில்ஸ் கூட்டுறவு நிறுவனத்தை வதோதராவை மையமாகக் கொண்டு நிறுவின. நோக்கம் உயர்ந்தது; ஆயினும், அந்நிறுவனம் 2001இல் கலைப்பு நடவடிக்கைக்கு உள்ளாயிற்று. 1985ஆம் ஆண்டின் ஜவுளிக் கொள்கை, பருத்திக்கும் செயற்கை இழைக்கும் இடையே ஆலைகள் தம் தேவைக்கேற்பத் தெரிவு செய்யும் உரிமையை ஏற்றுக்கொண்டது. அக்கொள்கையே நம் நாட்டில் பாலியெஸ்டர் பரவலாவதற்கு வழிகோலியது எனலாம்.

புணே நகரம் இவ்வரலாற்றிற்கு அயலானது அன்று. 1950இல் தொடங்கப்பெற்ற தேசிய இரசாயன ஆய்வுக்கூடம் இங்கேதான் உள்ளது. இங்குள்ள போசரியில் செஞ்சுரி எங்கா ஆலை நைலான் இழையைத் தயாரிக்கிறது. இங்கிருந்து மும்பை செல்லும் வழியில் மலையிறங்கினால், 1982இல் ரிலையன்ஸ் நிறுவனம் பாலியெஸ்டர் தொடர் இழை உற்பத்தியைத் தொடங்கிய பாதாளகங்கை உள்ளது. இழை பிறக்கும் இடங்கள் மேற்கே அமைந்தன. அதைப் பின்னலாக்கும் கைகளோ சூரத், லூதியானா, திருப்பூர் ஆகிய ஊர்களில் உள்ளன. இவ்விரண்டிற்கும் இடையே உள்ள தொலைவு கிலோமீட்டர் கணக்கில் மட்டும் இல்லை. செய்தி சென்றடைவதிலும் உள்ளது.

நூல் உருவாகும் விதம்

தெரஃப்தாலிக் அமிலமும் எத்திலீன் கிளைக்காலும் சேர்ந்து பாலியெஸ்டர் உருவாகிறது. அது ஏறத்தாழ 260 டிகிரி செல்சியஸில் உருகும். உருகிய குழம்பை மிக நுண்ணிய துளைகள் வழியாகச் செலுத்திக் காற்றில் குளிரவைத்தால் இழைகள் கிடைக்கின்றன. இடியாப்பம் பிழிவதை ஒத்த செயல் இது. ஒரு தட்டில் 48 துளைகள் இருந்தால் 48 இழைகள் சேர்ந்து ஒரு நூலாகும்.

இழையை இழுத்துச் சுற்றும் வேகமே நூலின் முதல் தன்மையை முடிவு செய்கிறது. இவ்வடிப்படையில் முக்கிய வகைகளைக் காண்போம்.

முதலாவது, பகுதி நீட்சி நூல். வணிகர் இதனைப் 'பி.ஓ.ஒய்.' என்பர். நிமிடத்திற்குச் சுமார் 3,000 முதல் 3,500 மீட்டர் வேகத்தில் சுற்றப்படுவது. இதன் மூலக்கூறுகள் பாதியளவே ஒழுங்குபட்டிருக்கும். இழுத்தால் மேலும் நீண்டுவிடும். ஆகவே இதை அப்படியே பின்னலுக்குப் பயன்படுத்துவதில்லை. இது இடைநிலைப் பொருள். புழுங்கலரிசிக்கு நெல் எப்படியோ, அப்படி.

இரண்டாவது, முழு நீட்சி நூல், 'எஃப்.டி.ஒய்.' சூடேற்றிய உருளைகளின்மீது ஆலையிலேயே முழுதும் நீட்டி முடிக்கப்பட்டது. தட்டையாகவும் வழவழப்பாகவும் பளபளப்புடனும் இருக்கும். பாவு நூல்களைக் கொண்டு நீளவாக்கில் கண்ணிகளைப் பிணைக்கும் பாவுப் பின்னலுக்கு இது மிகவும் ஏற்றது. டிரிகாட், ராஷெல் இயந்திரங்கள் இவ்வகையைச் சேர்ந்தவை. திரைச்சீலை வலை, உள்பட்டைத் துணி, காலணியின் மேற்பகுதித் துணி ஆகியவை இவ்வாறு உருவாகின்றன. மருந்தூட்டிய கொசுவலைகள் பல, 75 அல்லது 100 டெனியர் பாலியெஸ்டர் தொடர் இழையால் பின்னப்படுபவை.

மூன்றாவது, நெளிவூட்டிய நூல், 'டி.டி.ஒய்.' வட்டப் பின்னலில் பேரிடம் வகிப்பது இதுவே. பகுதி நீட்சி நூலைச் சூடேற்றி, சுழலும் வட்டுகளின் இடையே முறுக்கி, அதே ஓட்டத்தில் நீட்டி, பின்னர் முறுக்கை விடுவிப்பர். சூட்டில் படிந்த முறுக்கின் நினைவு இழையில் நெளிவாகத் தங்கிவிடும். நூல் பருத்து மென்மையாகிறது; இழைகளுக்கிடையே காற்று தங்குகிறது; துணி உடலில் ஒட்டுவதில்லை. இரண்டாவது முறை சூடேற்றினால் மீட்சி குறைந்து நிலைபெற்ற நூலாகும். சூடேற்றாவிடில் மீட்சி மிகுந்த நூலாகும். சூரத்திலும் சில்வாசாவிலும் இத்தொழில் பெருமளவில் நடைபெறுகிறது.

நான்காவது, காற்றால் நெளிவூட்டிய நூல். அழுத்தக் காற்றின் தாரையில் இழைகளைச் செலுத்தி, நூலின் மேற்பரப்பில் சிறு சிறு வளையங்களை உண்டாக்குவர். தோற்றத்தில் நூற்ற நூலைப் போன்றிருக்கும், பளபளப்பு குறைவு. மேலாடைத் துணிகளுக்கு ஏற்றது.

ஐந்தாவது, நூற்ற நூல். தொடர் இழையை 38 மில்லிமீட்டர் அளவான துண்டுகளாக வெட்டி, பஞ்சைப் போலவே ஆலையில் நூற்பது. தனியாகவும், பருத்தியுடனும் விஸ்கோஸுடனும் கலந்தும் நூற்கப்படுகிறது. பருத்தி ஆலைகள் நிறைந்த தமிழ்நாட்டிற்குப் பழகிய வழி இது. பருத்தியின் தொடுஉணர்வைத் தருவது இதன் சிறப்பு. இழை முனைகள் வெளியே நீண்டு, துவைக்கத் துவைக்கத் துணியின்மேல் சிறு உருண்டைகள் எழுவது இதன் குறை.

எண்கள் கூறும் செய்தி

நூல் பெட்டியின்மீது '150/48' என்று அச்சிட்டிருக்கும். முதல் எண் டெனியர். அதாவது 9,000 மீட்டர் நூலின் எடை 150 கிராம். இரண்டாவது எண் இழைகளின் எண்ணிக்கை. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் ஓர் இழையின் பருமன் ஏறத்தாழ 3 டெனியர் என்பது கிடைக்கும். இந்நூலின் ஒரு கிலோவில் 60,000 மீட்டர் இருக்கும். ஏறக்குறைய இங்கிருந்து லோணாவளா வரையுள்ள தொலைவு அது!

'150/144' என்று இருந்தால் நூலின் பருமன் மாறவில்லை. ஆனால் இழை மூன்றில் ஒரு பங்காக நுண்மையடைந்துவிட்டது. துணி மென்மையாகும். '150/288' என்றால் இழை அரை டெனியர். இதுவே நுண்ணிழை எனப்படுவது. பருத்தி காற்றிலிருந்து தன் எடையில் ஏறத்தாழ 8 விழுக்காடு ஈரத்தை ஏற்கிறது, பாலியெஸ்டரோ 0.4 விழுக்காடே. ஆகையால்தான் பழைய டெரிலின் சட்டை வியர்வையில் துன்புறுத்தியது. நுண்ணிய இழைகளுக்கிடையே உள்ள இடைவெளிகள் வழியாக, விளக்குத்திரி எண்ணெயை ஏற்றுவதுபோல வியர்வை பரவி, வெளிப்புறம் சென்று உலர்கிறது. விளையாட்டு ஆடைகளில் பாலியெஸ்டர் வென்றதற்கு இதுவே காரணம். இழையின் குறுக்குவெட்டை வட்டமாக அமைக்காமல் பள்ளங்களுடன் அமைப்பதும் இப்பயனைக் கருதியே.

எண்களுக்குப் பின்னால் வேறு சில குறிப்புகளும் உண்டு. பளபளப்பு, அரை மங்கல், முழு மங்கல் என்பன, குழம்பில் சேர்க்கும் டைட்டானியம் டையாக்சைடின் அளவைப் பொறுத்தவை. இழைகளைக் காற்றால் இடையிடையே பிணைத்திருந்தால் அப்பிணைப்பின் செறிவும் குறிக்கப்படும். பிணைப்புக் குறைந்தால் பின்னல் ஊசி ஓரிழையைப் பிடித்து மற்றதை விட்டுவிடும். கேஷனிக் சாயம் ஏற்கும் நூல் எனத் தனி வகையும் உண்டு. சாதாரண பாலியெஸ்டருக்கு உயர் அழுத்தத்தில் 130 டிகிரி சூட்டில் டிஸ்பர்ஸ் சாயம் ஏற்றவேண்டும். கேஷனிக் வகைக்கு அதைவிடக் குறைந்த சூடு போதும். இரண்டையும் சேர்த்துப் பின்னி இருநிறத் துணி பெறுவது வழக்கம்.

கோடு விழுந்த காரணம்

இனித் திருப்பூர் நண்பரின் துணிக்கு வருவோம். முப்பது அங்குல விட்டமும், அங்குலத்திற்கு 24 ஊசிகளும் கொண்ட வட்டப் பின்னல் இயந்திரத்தில் ஏறத்தாழ 2,260 ஊசிகள் இருக்கும். அதற்குத் தொண்ணூறு இடங்களிலிருந்து நூல் ஊட்டப்படுகிறது என்று கொள்வோம். இயந்திரம் ஒரு முறை சுற்றினால் 90 வரிகள் விழும். ஒவ்வொரு வரியும் ஒவ்வொரு நூற்கண்டிலிருந்து வருவது. நெசவில் ஒரு நூல் சற்று மாறினால் கூட்டத்தில் மறைந்துவிடக்கூடும். பின்னலில் 90இல் ஒரு கண்டு மாறினாலும், அதே கோடு ஒவ்வொரு சுற்றிலும் தவறாமல் திரும்ப வரும்.

நெளிவூட்டும்போது சூட்டிலோ இழுவிசையிலோ சிறிது வேறுபாடு ஏற்பட்டால், இழையின் உள்ளமைப்பு மாறுகிறது. கண்ணுக்கு அது தெரியாது, சாயத்திற்குத் தெரியும். ஓரிழை கூடுதலாகவும் மற்றொன்று குறைவாகவும் சாயத்தை உறிஞ்சும். இதனால்தான் உற்பத்தியாளர்கள் 'மெர்ஜ் எண்' என்று ஒரு தொகுதி எண்ணை வழங்குகின்றனர். ஒரே மெர்ஜ் எண்ணுள்ள நூல்களை மட்டுமே ஒரு துணியில் சேர்க்கவேண்டும். பெரிய ஆலை முழுத்தொகுதியையும் ஒருசேர வாங்கும். சில்லறையாக வாங்கும் சிறு பின்னலகத்திற்கோ, வணிகர் பெட்டியைப் பிரித்து, கையிருப்பில் உள்ளதைச் சேர்த்து அனுப்புகிறார். தொழில்நுட்பக் குறைபாடாகத் தோன்றுவது உண்மையில் பேரம் பேசும் வலிமையின் குறைபாடு.

வரியும் வகைப்பாடும்

அரசு அலுவலர்களாகிய நமக்கு இதில் உள்ள பங்கு என்ன? மூன்று செய்திகளைச் சொல்வேன்.

முதலாவது, சரக்கு சேவை வரி. 2017 அக்டோபர் முதல் செயற்கை இழைக்கு 18 விழுக்காடும், நூலுக்கு 12 விழுக்காடும், துணிக்கு 5 விழுக்காடும் வரி இருந்தது. எடுத்துக்காட்டாக, 100 ரூபாய்க்கு நூல் வாங்கிய பின்னலகம் 12 ரூபாய் வரி செலுத்தியது. துணியை 130 ரூபாய்க்கு விற்று வசூலித்த வரியோ 6 ரூபாய் 50 காசு. மீதி 5 ரூபாய் 50 காசு முடங்கியது. 2018 ஆகஸ்டு வரை துணி உற்பத்தியாளருக்கு அதைத் திரும்பப் பெறும் வழியே இல்லை. பின்னர் வழி பிறந்தும், கிடைக்கும் வரை முதல் முடங்கியது. 2025 செப்டம்பர் 22 முதல் இழைக்கும் நூலுக்கும் 5 விழுக்காடாகவே வரி குறைக்கப்பட்டுள்ளது. தலைகீழான ஏணி நேராக நிறுத்தப்பட்டது என்று இதனைக் கொள்ளலாம்.

இரண்டாவது, இறக்குமதி. மிகக் குறைந்த விலையில் வந்து குவிந்த செயற்கைப் பின்னல் துணிக்கு, 2024 மார்ச்சில் கிலோவுக்கு 3.50 டாலர் என்ற குறைந்தபட்ச இறக்குமதி விலை விதிக்கப்பட்டது. 2025-26 வரவு செலவுத் திட்டத்தில், ஒன்பது தீர்வை உருப்படிகளில் அடங்கும் பின்னல் துணிகளுக்கு 20 விழுக்காடு அல்லது கிலோவுக்கு 115 ரூபாய், இவற்றில் எது மிகுதியோ அதுவே தீர்வை என்று அறிவிக்கப்பட்டது. கணக்கிட்டுப் பார்த்தால், கிலோ 575 ரூபாய்க்குக் குறைந்த துணிக்கெல்லாம் 115 ரூபாயே பொருந்தும். விலையைக் குறைத்துக் காட்டுவதால் வரும் ஆதாயம் இதனால் குறைகிறது.

ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். தீர்வை அட்டவணையில் நூலுக்குத் தனித்தனி எண்கள் உள்ளன: நெளிவூட்டிய பாலியெஸ்டர் நூல் 5402.33, பகுதி நீட்சி நூல் 5402.46. துணியாக மாறியதும் இந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது. 6006 என்ற தலைப்பின் கீழ்ச் செயற்கை இழைத் துணி, வெளுத்ததா, சாயமிட்டதா, அச்சிட்டதா என்று பிரிக்கப்படுகிறதேயன்றி, எந்த நூலால் பின்னப்பட்டது என்று பிரிக்கப்படுவதில்லை. சாதாரண 150/48 நூலின் துணியும், விலைமிக்க நுண்ணிழைத் துணியும் ஒரே வரியில் நிற்கின்றன. அறிவிக்கப்பட்ட விலை நியாயமானதா என்று பார்க்கும் அலுவலர் நூலையறியாவிட்டால், அவரிடம் அளவுகோலே இல்லை எனலாம்.

மூன்றாவது, ஊக்கத் திட்டங்கள். செயற்கை இழைத் துணி, ஆடை, தொழில்நுட்ப ஜவுளி ஆகியவற்றிற்காக 2021இல் 10,683 கோடி ரூபாய் மதிப்பில் உற்பத்தியுடன் இணைந்த ஊக்கத்தொகைத் திட்டம் வகுக்கப்பட்டது. அதற்குரிய குறைந்த அளவு முதலீடு தொடக்கத்தில் 300 கோடி ரூபாய், 100 கோடி ரூபாய் என இரு பிரிவுகளாக இருந்தது. பெரிய ஆலைகள் எழுவது நாட்டிற்குத் தேவையே. ஆனால், நான்கு இயந்திரங்களைக் கொண்டவருக்கு இந்த வாசல் உயரமானது. அவருக்கு வேண்டுவது வேறு உதவி.

நீரும் நூலும்

திருப்பூரைப் பற்றிப் பேசும்போது நொய்யலாற்றை மறக்க இயலாது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்ற ஆணையால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது, ஊரே நிலைகுலைந்தது. பருத்திக்குச் சாயமேற்றப் பெருமளவு உப்புத் தேவைப்படுகிறது. கழிவுநீரைத் தூய்மைப்படுத்துவதில் அவ்வுப்பே பெரிய இடர். பாலியெஸ்டருக்கு அவ்வளவு உப்புத் தேவையில்லை. உருகிய குழம்பிலேயே நிறத்தைச் சேர்த்து இழுக்கும் நூலுக்கோ சாயத்தொட்டியே வேண்டியதில்லை. ஆனால் அத்தகைய நூலை நிறந்தோறும் பெருந்தொகுதியாகவே தயாரிக்க இயலும் என்பதால், சிறிய ஆணைகளுக்கு அது பொருந்துவதில்லை. பயன்படுத்திய குடிநீர்ப் புட்டிகளிலிருந்து பெறும் மறுசுழற்சி நூலும் இன்று பரவி வருகிறது. இவற்றால் எல்லா இடரும் தீர்ந்துவிட்டதாகக் கருதலாகாது. துவைக்கும்போது உதிரும் நுண்துகள்கள் நீர்நிலைகளைச் சேர்கின்றன. பிசிறெழுப்பிய கம்பளித் தோற்றத் துணிகளில் இது மிகுதி. இங்கும் தீமையின் அளவு நூலின் வகையைப் பொறுத்ததே.

செய்யவேண்டுவன

செலவு மிகாமல் செய்யக்கூடிய சிலவற்றைக் கூறி முடிக்கிறேன். டெனியர், இழை எண்ணிக்கை, பளபளப்பு, பிணைப்பு, மெர்ஜ் எண் ஆகிய ஐந்தும், பெட்டியைப் பிரித்து விற்கும்போதும் விற்பனைச் சீட்டில் இடம்பெறவேண்டும். அப்போதுதான் கோடு விழுந்த துணிக்குப் பொறுப்பு யாருடையது என்பதை நிறுவ முடியும். சிறு பின்னலகங்கள் கூட்டுறவாகவோ குழுவாகவோ சேர்ந்து முழுத்தொகுதியை வாங்கினால், பெரிய ஆலைக்குரிய வசதி அவற்றிற்கும் கிட்டும். பெட்ரோஃபில்ஸ் மறைந்ததால் கூட்டுறவுக் கருத்தும் மறைந்துவிட வேண்டியதில்லை. நூலைத் தயாரிக்கக் கோடிகள் வேண்டும், சேர்ந்து வாங்க நம்பிக்கை போதும். துணி முழுவதையும் சாயமேற்றுமுன், ஒவ்வொரு நூற்கண்டிலிருந்தும் சிறிது பின்னிக் காலுறை போன்ற ஒரு குழாய்த்துண்டாக்கிச் சாயமிட்டுப் பார்க்கும் எளிய சோதனை உண்டு. கோயம்புத்தூரில் உள்ள தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகம், சூரத்தில் உள்ள செயற்கை இழை ஆராய்ச்சிக் கழகம் போன்றவற்றின் அறிவு, இத்தகைய எளிய வடிவில் பின்னலகத்தின் வாயிலை அடையவேண்டும்.

மாணவ நண்பர்களே, விலைக் குறியீட்டெண்ணையும் ஏற்றுமதிப் புள்ளியையும் கணக்கிடும்போது, அவ்வெண்ணுக்குப் பின்னால் உள்ள பொருளை ஒருமுறையேனும் கையில் எடுத்துப் பாருங்கள். அலுவலர் நண்பர்களே, 'பாலியெஸ்டர் நூல்' என்று கோப்பில் எழுதும்போது 'எந்த நூல்?' என்ற கேள்வியை ஓரத்தில் குறித்துவையுங்கள். திருப்பூரில் அந்த நண்பர் பாழான துணியை எடைக்குப் போட்டுவிட்டு, மறுநாள் காலை மீண்டும் இயந்திரத்தை ஓட்டினார். அவர் அறிந்திராத ஓர் எண், பெட்டியின் ஓரத்தில் அச்சிடப்பட்டுத்தான் இருந்தது. அதைப் படிக்கக் கற்றுக்கொடுப்பது நம் கடமை.